லாரி எஞ்சினின் பழைய ஆயிலை வடிக்க எது ஏற்றது: பிளக்கா, வால்வா, உறிஞ்சும் பம்பா?

காரில் ஆயில் மாற்றிப் பழகிய ஒருவர் முதன்முறையாகக் கனரக லாரிக்கு ஆயில் மாற்றப் போகும்போது அவரைத் திகைக்க வைப்பது அளவுதான். காரில் பெரும்பாலும் 4 அல்லது 5 லிட்டரில் முடிந்துவிடும் வேலை, பெரிய சரக்கு லாரியில் 25 முதல் 40 லிட்டர் வரை போகிறது. 5 லிட்டரை ஏதோ ஒரு பழைய ட்ரேயில் பிடித்து ஓரமாக நகர்த்திவிடலாம். 35 லிட்டர் ஆயிலோ ஏறக்குறைய 30 கிலோ எடை. அதைத் திறந்த ட்ரேயில் பிடித்துவிட்டால் பிறகு தூக்கவும் முடியாது, விளிம்பு வழியாகச் சிந்தாமல் இழுக்கவும் முடியாது. எனவே லாரியைப் பொறுத்தவரை ஆயிலை எப்படி வடிப்பது என்ற கேள்வி, வசதியைப் பற்றியது மட்டுமல்ல. பாதுகாப்பையும் எஞ்சினின் ஆயுளையும் சேர்த்தே யோசித்து முடிவு செய்ய வேண்டிய ஒன்று.

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் அடியிலுள்ள ட்ரெயின் பிளக்கை (வடிதுளையை அடைக்கும் திருகு மூடியை) கழற்றி ஆயிலைத் தானாக வடிய விடுவது முதல் வழி. அந்தப் பிளக் இருந்த இடத்தில் நிரந்தரமாக ஒரு வால்வைப் பொருத்தி, ஹோஸ் வழியாக நேரே மூடிய பாத்திரத்தில் இறக்குவது இரண்டாவது. ஆயில் மட்டம் பார்க்கும் கோலான டிப்ஸ்டிக் செருகியிருக்கும் குழாய் வழியாக மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பம்பால் மேலிருந்தே உறிஞ்சி எடுப்பது மூன்றாவது. இவற்றை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு: எது சீக்கிரம் முடியும், எது கையில் கறை படாமல் முடியும். அந்த இரண்டையும்விட முதன்மையான கேள்வி வேறொன்று என்பது என் உறுதியான கருத்து. வேலை முடிந்த பிறகு சம்ப்பின் அடியில் என்ன மிஞ்சியிருக்கிறது, வெளியே வந்ததிலிருந்து எஞ்சினைப் பற்றி நாம் என்ன தெரிந்துகொண்டோம் என்பதுதான் அது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஆயில் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. கனரக டீசல் எஞ்சின்களில் பரவலாகப் பயன்படும் 15டபிள்யூ-40 ரக ஆயிலின் பாகுத்தன்மை 100 டிகிரி செல்சியஸில் சுமார் 14 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு; எண் கூடக் கூட ஆயில் கெட்டி), 40 டிகிரியில் சுமார் 110. 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் அது 300-ஐ ஒட்டிப் போய்விடும். ஆயில் இளகியிருக்கும்போது அதில் மிதக்கும் புகைக்கரியும் நுண்துகள்களும் அதோடு சேர்ந்தே வெளியேறும்; குளிர்ந்து கெட்டியான பிறகு அவற்றில் ஒரு பங்கு அடியிலேயே படிந்துவிடும். அதற்காக நீண்ட ஓட்டம் முடிந்து வந்து நின்ற வண்டியில் உடனே கை வைப்பதும் தவறு. ஓடும்போது ஆயிலின் சூடு 100 டிகிரியை ஒட்டியிருக்கும். அந்தச் சூட்டில் அது தோலில் பட்டால் தண்ணீர் போல வழிந்து போகாமல் ஒட்டிக்கொண்டே சுடும். எஞ்சினை நிறுத்தி, 50 முதல் 60 டிகிரிக்கு இறங்கும் வரை காத்திருப்பது நல்லது. அப்போதும் கையுறை வேண்டும். ஓடிக் கறுத்த ஆயிலில் பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் சேர்ந்திருக்கின்றன. எலிகளின் தோலில் செய்த ஆய்வகச் சோதனைகளில் பழைய எஞ்சின் ஆயில் புற்றுநோயை உண்டாக்கியிருக்கிறது. நாள்தோறும் இதே வேலையைச் செய்யும் மெக்கானிக்குகள் நைட்ரைல் கையுறையை அலட்சியப்படுத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது.

பிளக்கைக் கழற்றி வடிக்கும் முறையின் பெரிய பலம், சம்ப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் அல்லது அதற்கு மிக அருகில் அந்தத் துளை அமைந்திருப்பது. 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையென்றால் தொடக்கத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 லிட்டர் வேகத்தில் ஆயில் கொட்டும். பெரும்பகுதி இரண்டு மூன்று நிமிடங்களில் இறங்கிவிடும், மீதி கால் மணி நேரம் சொட்டிக்கொண்டிருக்கும். அந்த வேகமே அடியில் கிடக்கும் கசடையும் இழுத்து வருகிறது. இதைவிட மதிப்பு வாய்ந்த இன்னொன்றும் உண்டு. இரவு முழுவதும் நின்ற வண்டியில் பிளக்கை மெல்லத் தளர்த்தும்போது முதலில் வருவது எது என்று கவனித்தால், எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்துவிடும். தண்ணீரும் கூலண்ட்டும் ஆயிலைவிட அடர்த்தியானவை. கசிந்து சம்ப்புக்குள் இறங்கியிருந்தால் அடியில்தான் கிடக்கும், துளை திறந்ததும் ஆயிலுக்கு முன்னால் வந்து விழும். சிலிண்டர் ஹெட் கேஸ்கெட்டோ ஆயில் கூலரோ பழுதாகத் தொடங்கியிருப்பதை இப்படி முதல் சில சொட்டுகளிலேயே கண்டுபிடிக்க முடியும். (இந்தச் சோதனைக்காக மட்டும் ஆயில் குளிர்ந்திருக்கும்போது ஒரு சிறு கிண்ணத்தளவு வடித்துப் பார்த்துவிட்டு, பிளக்கை மூடி, எஞ்சினைச் சூடாக்கி, பிறகு முழுவதையும் வடிப்பது சரியான வரிசை.) காந்தமுள்ள பிளக் என்றால் அதன் முனையில் படிந்திருப்பதையும் பார்க்கலாம். சாம்பல் நிறக் களிம்பு போல மிக நுண்ணிய தூள் இருந்தால் அது இயல்பான தேய்மானம். நகத்தால் பிரித்தெடுக்கும் அளவுக்குச் சில்லுகள் இருந்தால் வண்டியை அடுத்த பயணத்துக்கு அனுப்பக் கூடாது.

குறைகளும் சிறியவை அல்ல. பிளக்கின் கடைசி மரையைக் கழற்றும் நொடியில்தான் பெரும்பாலான சுடுகாயங்கள் நேர்கின்றன. பிளக்கை உள்நோக்கி அழுத்திப் பிடித்தபடியே விரல்களால் சுற்றி, மரை விட்டது என்று கை உணர்ந்ததும் ஒரே இழுப்பில் பக்கவாட்டில் எடுத்துவிட வேண்டும். தயங்கி மெதுவாக எடுத்தால் ஆயில் கை வழியே முழங்கை வரை இறங்கிவிடும். கீழே விழும் இடமும் மாறிக்கொண்டே இருக்கும். துளை பக்கவாட்டுச் சுவரில் இருந்தால் முதலில் ஆயில் வில் போல வளைந்து ஓரடி தள்ளி விழும், மட்டம் குறையக் குறையப் பின்வாங்கி நேர் கீழே வந்துவிடும். கடைசியில் நூலாக மெலியும்போது லேசான காற்றுகூட அதை ட்ரேயின் விளிம்புக்கு வெளியே தள்ளிவிடும். ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டுவதால் மரை தேய்வது இன்னொரு கவலை. அலுமினிய சம்ப்பில் ஒருவர் அளவுக்கு மீறி முறுக்கினாலே மரை உரிந்துவிடும், அதைச் சரிசெய்ய உள்மரைச் சுருள் பதிக்கவோ சம்ப்பையே மாற்றவோ நேரிடும். கையேட்டில் சொன்ன முறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து முறுக்குவதும், ஒருமுறை நசுங்கிய வாஷரை மறுபடி போடாமல் புதியது போடுவதும் இந்த வழியைத் தேர்கிறவர் விடக் கூடாத இரண்டு பழக்கங்கள்.

இனி உறிஞ்சும் முறை. வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியதில்லை, பிளக்கைத் தொட வேண்டியதில்லை, ஆயில் நேரே மூடிய தொட்டிக்குள் போகிறது என்பதால் இது பார்த்தவுடன் எவரையும் கவரும். எஞ்சினுக்கு அடியில் கை நுழைய இடமே இல்லாத படகுகளில் இதுதான் வழக்கமான முறை. ஆனால் லாரிக்குக் கொண்டுவரும்போது இரண்டு தடைகள் எழுகின்றன.

முதல் தடை நேரம். வெற்றிடத்தால் உறிஞ்சும்போது ஆயிலைத் தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம்தான். எவ்வளவு நல்ல பம்பானாலும் அந்த அழுத்தம் 1 பாருக்கு (ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) மேல் போக முடியாது. மெல்லிய குழாயில் ஓட்டத்தின் அளவு விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. அதாவது விட்டம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். டிப்ஸ்டிக் குழாய்க்குள் நுழையக்கூடிய, 6 மில்லிமீட்டர் உள்விட்டமும் ஒன்றரை மீட்டர் நீளமும் உள்ள குழாயை 0.7 பார் வெற்றிடத்தோடு வைத்துக் கணக்கிட்டால், 65 டிகிரி சூட்டிலுள்ள ஆயில் நிமிடத்துக்கு 2 லிட்டருக்குச் சற்று மேல் வரும். 30 லிட்டருக்குக் கால் மணி நேரம் போதும். அதே ஆயில் 20 டிகிரியில் இருந்தால் நிமிடத்துக்குக் கால் லிட்டர் அளவுக்கே வரும், வேலை ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும். குழாயை 8 மில்லிமீட்டராக்க முடிந்தால் வேகம் மூன்று மடங்காகும். ஆகவே இந்தக் கருவியை வாங்கும்போது தொட்டியின் கொள்ளளவைப் பார்ப்பதற்கு முன் தன் வண்டியின் டிப்ஸ்டிக் குழாய்க்குள் எவ்வளவு பருமனான குழாய் நுழையும் என்று பார்ப்பதே முக்கியம்.

இரண்டாவது தடைதான் என்னை இந்த முறையிலிருந்து விலக்கியது. டிப்ஸ்டிக் குழாய் இருப்பது ஆயில் மட்டத்தைக் காட்டுவதற்கு. சம்ப்பின் மிகத் தாழ்ந்த மூலையை எட்டுவதற்கு அல்ல. உள்ளே விடும் குழாய் தடுப்புத் தகட்டில் முட்டி நிற்கலாம், வளைந்து மேலே திரும்பலாம், அல்லது சம்ப்பின் ஆழமில்லாத பக்கத்தில் போய் அமரலாம். சுமார் 14 லிட்டர் பிடிக்கும் ஒரு நடுத்தர லாரியில் இப்படி உறிஞ்சி முடித்து, குழாயில் காற்று இழுக்கும் சத்தம் கேட்ட பிறகு, மனம் ஒப்பாமல் பிளக்கையும் கழற்றிப் பார்த்தேன். அளவுக் குவளையில் பிடித்தபோது ஒன்றரை லிட்டருக்கு மேல் இருந்தது. அளவைவிட அதன் தன்மைதான் மனத்தில் நின்றது: முதலில் இறங்கியது ஆயில் போலப் பளபளக்கவில்லை, மைப்பசை போல மங்கலாகத் தடித்துத் தொங்கியது, கையுறை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தபோது நுண்மணல் போல நெருடியது. வெளியே வந்தே ஆக வேண்டிய அந்த ஒன்றரை லிட்டர்தான் உள்ளே தங்கியிருந்தது.

மிச்சம் எவ்வளவு பாதிக்கும் என்பது எஞ்சினின் மொத்த ஆயில் கொள்ளளவைப் பொறுத்தது. 30 லிட்டர் எஞ்சினில் 2 லிட்டர் தங்கினால் அது 7 விழுக்காட்டுக்கும் குறைவு. 8 லிட்டர் எஞ்சினில் அதே 2 லிட்டர் தங்கினால் கால் பங்கு ஆயில் பழையதாகவே இருக்கிறது. இதிலிருந்து பிறக்கும் இன்னொரு ஆபத்தைப் பலர் நினைப்பதில்லை. முழுவதும் வடிந்துவிட்டதாக நம்பிக் கையேட்டில் சொன்ன அளவை அப்படியே ஊற்றினால் மட்டம் மேல்கோட்டைத் தாண்டிவிடும். எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்ட் சுழலும்போது ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரைத்த ஆயிலால் அழுத்தம் குறையும், எஞ்சினின் உள்வாயு வெளியேறும் வழியான பிரீதர் வழியாக ஆயில் காற்றுப் பாதைக்குள் போகவும் கூடும். எனவே உறிஞ்சும் முறையைப் பின்பற்றுகிறவர் வெளியே வந்ததை அளந்து, ஏறக்குறைய அதே அளவு ஊற்றி, டிப்ஸ்டிக் பார்த்தபடி மீதியைச் சேர்க்க வேண்டும்.

மின் பம்பு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்களுக்கான பம்புகள் 12 வோல்ட்டில் ஓடுபவை. கனரக லாரிகளில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் வைத்திருப்பார்கள். நேராக மாட்டினால் பம்பு எரிந்துவிடும். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுத்தாலோ, நாளடைவில் இரண்டு பேட்டரிகளின் சமநிலை கெடும்.

வால்வு முறை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, பலருக்கு இதுவே பொருத்தமானது என்றும் நினைக்கிறேன். பிளக்கின் அதே துளையில் அதே மரையில் பொருந்தும் பந்து வால்வு இது. லிவரைத் தூக்கித் திருப்பினால் திறக்கும், முனையில் ஹோஸ் மாட்டிக்கொள்ளலாம். ஆயில் கண்ணுக்குத் தெரியாமல் ஹோஸ் வழியே கேனுக்குப் போய்ச் சேரும்; காற்றும் இல்லை, சிதறலும் இல்லை, சூட்டுக்கு அஞ்ச வேண்டியதும் இல்லை. கேன் நிறைந்தால் லிவரைத் திருப்பி நிறுத்திவிட்டு அடுத்த கேனை வைக்கலாம். 35 லிட்டரை வடிக்கும் ஒருவருக்கு இந்தப் பாதியில் நிறுத்தும் வசதி எவ்வளவு பெரிது என்பது, நிறைந்து வழியும் ட்ரேயின் முன்னால் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களுக்குத் தெரியும். மரை தேய்வதில்லை, வாஷர் செலவு இல்லை. ஆய்வகச் சோதனைக்கு ஆயில் மாதிரி எடுக்கிறவர்களுக்கு இது இன்னும் உதவும்: முதலில் வருவதைச் சிறிது விட்டுவிட்டு, ஓட்டத்தின் நடுவில் சுத்தமான புட்டியில் பிடித்துக்கொண்டால் இரும்பு, செம்பு, தூசியைக் காட்டும் சிலிக்கான், கூலண்ட் கசிவைக் காட்டும் சோடியம் ஆகியவற்றின் அளவை நம்பகமாகப் பெறலாம்.

இதன் குறைகளைச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு நேர்மையாக இருக்காது. வால்வின் உள்துளை பிளக்கின் துளையைவிடச் சிறியது. 20 மில்லிமீட்டருக்குப் பதில் 12 மில்லிமீட்டர் என்றால் பரப்பு மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான், வடியும் வேகமும் அதற்கேற்பக் குறையும், தடித்த கசடு நகராமல் நின்றுவிடவும் கூடும். காந்த முனை இருக்காது. ஹோஸ் வழியாகப் போவதால் முதல் சொட்டில் தண்ணீர் வந்ததா என்பதும் கண்ணில் படாது. அதனால் வால்வு பொருத்திய வண்டியில் நான்கைந்து முறைக்கு ஒருமுறை வால்வையே கழற்றி முழுத் துளை வழியாக வடித்துப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். கண்ணாடி போன்ற ஒளிபுகும் ஹோஸைப் பயன்படுத்தினால் மற்ற நேரங்களிலும் ஓரளவு பார்க்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, வால்வு எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது. சம்ப்பின் அடிமட்டத்துக்குக் கீழே அது தொங்குமானால், கற்களும் வேர்களும் நிறைந்த பாதையில் ஓடும் வண்டிக்கு அதைப் பொருத்தவே கூடாது; ஓடும்போது அது உடைந்தால் சில நிமிடங்களில் எஞ்சின் ஆயிலே இல்லாமல் நின்றுவிடும். நல்ல சாலையில் ஓடும் வண்டியிலும் லிவர் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும், பூட்டுக் கிளிப்பும் முனை மூடியும் தவறாமல் போட்டிருக்க வேண்டும்.

மூன்றையும் ஒப்பிடும்போது பலரும் மறந்துவிடும் ஒன்று ஆயில் ஃபில்டர். பழைய ஆயிலோடு ஃபில்டரையும் மாற்றத்தான் போகிறோம். அதை அடியிலிருந்துதான் எட்ட முடியும் என்றால், வண்டிக்கு அடியில் போக வேண்டாம் என்ற உறிஞ்சும் முறையின் முதன்மைச் சலுகையே இல்லாமல் போகிறது. அடியில் போவதும் வீண் உழைப்பல்ல. கசியும் சீல், தளர்ந்த கிளாம்ப், உராய்ந்த ஏர் ஹோஸ், ஆட்டம் கண்ட ஜாயிண்ட் ஆகியவை அப்போதுதான் கண்ணில் படுகின்றன. போகும்போது சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் படுக்கக் கூடாது. ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் காற்று இறங்கினால் சட்டகமும் கூடவே இறங்கும் என்பதை நினைவில் கொண்டு, தாங்கி வைத்த பிறகே அடியில் நுழைய வேண்டும்.

ஆகவே யாருக்கு எது? ஒரே வண்டி வைத்து, ஆண்டுக்கு ஓரிரு முறை தானே ஆயில் மாற்றுகிறவர் பிளக் முறையையே வைத்துக்கொள்ளட்டும். தேவையானது எஞ்சினின் ஆயில் கொள்ளளவைவிடப் பெரிய, மூடியுள்ள ஆழமற்ற தொட்டி, புதிய வாஷர், டார்க் ரெஞ்ச், கொஞ்சம் பொறுமை. பல வண்டிகளை ஒரே இடத்தில் பராமரித்து நல்ல சாலைகளில் ஓட்டுகிறவர்கள், சம்ப்புக்குக் கீழே நீட்டாத வகையில் இடமிருந்தால், வால்வு பொருத்துவதே நல்லது. மரை ஏற்கெனவே பழுதாகிச் சரிசெய்யக் காத்திருக்கும் வண்டிக்கும், தவறுதலாக அதிகமாக ஊற்றிய ஆயிலை ஓரிரு லிட்டர் குறைக்கவும், அடியில் போவதே ஆபத்தான இடத்தில் நின்றுவிட்ட வண்டிக்கும் உறிஞ்சும் பம்பு கைகொடுக்கும். உடல்நிலை காரணமாகக் கீழே படுக்க முடியாதவருக்கும் இதுதான் வழி. அவர் ஒரு முறை விட்டு ஒரு முறையாவது பிளக் வழியாக வடிக்க ஒரு மெக்கானிக்கிடம் விடுவது எஞ்சினுக்குச் செய்யும் நன்மை. மரை பழுதாகிவிடுமோ என்ற பயத்தால் மட்டும் ஆண்டுக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டே இருப்பதை நான் ஏற்க மாட்டேன்.

எந்த வழியில் வந்தாலும் ஆயில் போய்ச் சேரும் இடம் மூடியுள்ள கேனாக இருக்க வேண்டும். அதில் கூலண்ட், பிரேக் ஆயில், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் கலக்கக் கூடாது. கலப்படமில்லாத பழைய ஆயிலை மறுசுத்திகரிப்புச் செய்து மீண்டும் அடிப்படை ஆயிலாக்க முடியும், கலந்துவிட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும். மண்ணில் கொட்டுவதும் சாக்கடையில் விடுவதும் கிணற்று நீரைக் கெடுக்கும் செயல். பழைய ஆயிலைச் சேகரிக்கும் உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்கும் முன், கேனின் மேல் தேதி, ஓடிய கிலோமீட்டர், அளந்த லிட்டர் மூன்றையும் எழுதி, அதையே வண்டியின் நோட்டிலும் குறித்துக்கொள்ள வேண்டும். சென்ற முறை 32 லிட்டர் ஊற்றி, இடையில் எதுவும் சேர்க்காமல், இந்த முறை 27 லிட்டர்தான் வடிந்திருக்கிறது என்றால், அந்த 5 லிட்டர் எரிந்ததா, கசிந்ததா, அல்லது இன்னும் சம்ப்பில்தான் கிடக்கிறதா என்பதைக் கண்டறிந்த பிறகே புது ஆயிலின் மூடியைத் திறக்க வேண்டும்.